செவ்வாயில் விழுந்த ஏழு காய்கள்

கூகைமலையின் இரண்டு பாறைகளுக்கு நடுவே இரும்புக் கயிறு கட்டி, ஆட்களை இடுப்புப் பட்டையில் மாட்டி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வழுக்கிப் போகவிடும் தொழிலை மேகப்பாதை சாகசப் பூங்கா தொடங்கிய மூன்றாம் நாள், காலை பத்தரை மணிக்கு, அந்தக் கயிற்றுக்கு நேர் கீழே முந்நூறு அடிப் பள்ளத்தில் இருந்த கீழ்ப்பதி என்ற சிற்றூரில், மருதி வீட்டுத் தகரக் கூரையின் மேல் முதல் அலறல் விழுந்தது.

அது கடுக்காய் அளவு இருந்தது. கடுக்காயைப் போலவே வரியோடி, பழுப்பும் மஞ்சளுமாய் இருந்தது. ஆனால் கையில் எடுத்தால் சாம்பலிலிருந்து எடுத்த கிழங்கைப் போலச் சுட்டது. காட்டில் கிடைக்கும் எதையும் கடித்துப் பார்த்தே தரம் சொல்லிப் பழகிய மருதி, இதையும் கடைவாயில் வைத்துக் கடித்தாள். உடனே அவள் வாயிலிருந்து அவளுடையதல்லாத ஒரு குரல், ஏதோ நகரத்துப் பெண்ணின் குரல், ஆவென்று தொடங்கி மேலே மேலே ஏறி, உச்சியில் உடைந்து, சிரிப்பாக முடிந்தது. கோழிகள் புளியமரத்தில் ஏறிக்கொண்டன. மருதியின் நாக்கில் கொஞ்சம் உப்புக் கரித்தது. காயில் தோல்கூட மிச்சமில்லை.

அவள் புருஷன் வெள்ளிங்கிரிக்கு மேலே பூங்காவில்தான் வேலை. பயணிகளுக்குப் பட்டை மாட்டிவிடுவான். தினமும் முதல் பயணி வருவதற்கு முன் தானே ஒரு தடவை கயிற்றில் போய், கயிறு சரியாக இருக்கிறது என்று சொல்வான். அன்று சாயங்காலம் அவனிடம் மருதி காயைப் பற்றிச் சொன்னபோது, அவன் கை கழுவிக்கொண்டே கேட்டான்.

“அதானா சேதி! நடுவுல போறப்ப அத்தன பேரும் வாயப் பொளக்குறாங்க, சத்தமே வரமாட்டேங்குது. தண்ணியில மீனு மாதிரி. எங்கடா போகுதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நம்ம ஊட்டு மேலதான் உழுகுதா?”

“உன்ரது ஒண்ணும் உழுகுலயே?”

“நான் எதுக்குக் கத்தறேன்? கொடியில தொங்கித் தேனெடுத்தவன், இந்தத் தொட்டில்ல உக்காந்துட்டுக் கத்துவனா?”

ஒரு வாரத்துக்குள் பதியில் அலறல் விழாத வாசல் இல்லை. சனி, ஞாயிறுகளில் ஆலங்கட்டி மழைபோல் விழுந்தது. ராகிக் கொல்லையில் விழுந்ததைக் காட்டுப்பன்றி மிதித்து, சேலத்து வாத்தியார் ஒருவர் பன்றியின் காலடியிலிருந்து அலறியதில், அந்தப் பன்றிக் கூட்டம் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, பிறகு வரவேயில்லை. அதற்கு மேல் இது நல்லதா கெட்டதா என்று யாரும் கூடிப் பேசவில்லை. ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்கவுமில்லை. கடுக்காய் ஏன் துவர்க்கிறது என்று அவர்கள் கேட்டதில்லை.

ஆனால் சட்டம் வேண்டியிருந்தது. கீழ்ப்பதியார் தலைமுறை தலைமுறையாகக் காட்டில் விழுந்ததைப் பொறுக்கிப் பிழைத்தவர்கள். கடுக்காய், பூந்திக்காய், நெல்லி. பொறுக்குவதற்கு அவர்களிடம் ஒரு விதி உண்டு: விழுந்ததை எடுக்கிறவர் மரத்தை அண்ணாந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் மரம் கூசிப்போகும். அடுத்த வருஷம் காய்க்காது. பதியின் மூப்பன் ஒரு முழு வெற்றிலையை மென்று துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“மரமென்ன, கயிறென்ன? மேல இருந்து உழுந்தா அது மரந்தான். எடுத்தவங்களுக்குச் சொந்தம். யாரு கத்துனதுன்னு கேக்கக் கூடாது. மேல பாக்கக் கூடாது. பாத்தா ஒரு கோழி தண்டம்.”

தீர்ப்புச் சொன்ன ஐந்தாம் நாள் நஞ்சன் என்பவன் அண்ணாந்து பார்த்தான். கல்லூரி மாணவி ஒருத்தியின் அலறல் அவன் இடது கண்ணில் விழுந்தது. கண் போய்விட்டதால் மூப்பன் கோழியைத் தள்ளுபடி செய்தார். அதன் பிறகு கீழ்ப்பதியில் யாருடைய கழுத்தும் மேல்நோக்கித் திரும்பவில்லை. குழந்தைகள் மண்ணைப் பார்த்து நடந்தார்கள். இரண்டு வருஷத்தில் நிலவு வளர்கிறதா தேய்கிறதா என்பதைக் குட்டையில் பார்த்துத்தான் சொன்னார்கள்.

மேலே பூங்காவில் முதலில் கொஞ்சம் குழப்பம் இருந்தது. வாயைத் திறந்தும் சத்தம் வராத பயணிகள் எதிர்ப்பாறையில் இறங்கியதும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மேனேஜர் நவநீதன் ஒரு பலகை எழுதி மாட்டினார். ‘கத்தலாம். சத்தம் வராது. இறங்கியதும் குரல் வந்துவிடும். பயப்பட வேண்டாம்.’ அதன் பிறகு கூட்டம் இரண்டு மடங்கானது. சத்தமில்லாத பள்ளத்தாக்கு என்று பெயர் பரவியது. பட்டை மாட்டும்போது பயணிகளிடம் சொல்வதற்கென்று வெள்ளிங்கிரிக்கு ஒரு பாடம் எழுதிக் கொடுத்தார்கள். அவன் அதை வீட்டில் சொல்லிப் பழகினான்.

“என்ன நடக்கும்னு சொல்றேன், கேட்டுக்குங்க சார். மொதல்ல எட போடுவோம், நூத்திப்பத்து கிலோவுக்கு மேல இருந்தா அனுப்ப மாட்டோம். வேட்டி, சேல ஆகாது. செருப்ப இங்கயே உட்றுங்க. மொதல் மூணு செகண்டு வயிறு தொண்டைக்கு வரும். அப்புறம் ஒண்ணும் தெரியாது. நடுவுல ஒரு எடம் வரும், அங்க மட்டும் கீழ பாக்காதீங்க.”

“ஏன், பாத்தா என்னவாம்?” என்று மருதி அடுப்படியிலிருந்து கிண்டல் செய்தாள்.

“அது தாள்ல இல்ல, நானாச் சேத்துனது. அங்க இருந்து பாத்தா ஊரு பூராவும் தெரியுது புள்ள. எல்லாரும் குனிஞ்சே இருக்கீங்க. உச்சந்தலையாத் தெரியுது. பாக்கச் சகிக்கல.”

பொறுக்கத் தொடங்கியவர்கள் தரம் பிரிக்காமல் இருக்க முடியாது. கடித்தால் தீர்ந்துபோகும் பண்டம் என்பதால் கையில் ஏந்தியே தரம் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். அதில் மருதியை மிஞ்ச ஆளில்லை. படம் பிடிப்பதற்காகக் கத்தியது உள்ளே பொக்கையாக இருக்கும். அது கழிவு, பன்றிக்கு வைக்கலாம். குஷியில் கத்தியது இளஞ்சூடாக, லேசாக இருக்கும், இரண்டாம் தரம். செத்தோம் என்றே நம்பி ஒருவர் கத்தியது ஆற்றுக்கல்லைப் போல் கனக்கும், ஒரு நாள் முழுக்கச் சூடு ஆறாது. அதுதான் முதல் தரம். மாதத்துக்கு ஒன்று விழுந்தால் அதிர்ஷ்டம்.

செவ்வாய்க்கிழமைதோறும் ஓடைத் துறைக்கு ஏவாரி குப்பணன் ஜீப்பில் வந்து, அரிசி, எண்ணெய், சோப்பு, சோலார் விளக்கு எல்லாம் கொடுத்துக் காய்களை எடுத்துப்போவார். முதல் தரம் சென்னைக்குச் சினிமாவுக்குப் போனது. இரண்டாம் தரம் திருவிழாப் பேய்வீடுகளுக்குப் போனது. அழுகை வராத வசதியான இழவு வீடுகளும் வாங்கின. பதியிலேயே ஒரு செலவு உண்டு: பிரசவ வலி எடுத்த பெண்ணின் வாயில் ஒரு முதல் தரக் காயை வைப்பார்கள். அவள் கடிப்பாள்; யாரோ ஒருவரின் அலறல் அவளுக்குப் பதிலாக அலறிவிட்டுப் போகும். அவளுக்குத் தெம்பு மிச்சம். அப்படிப் பிறந்த குழந்தைகள் பத்துக்கு மேல் இருந்தன. காட்டுக்குக் கடுக்காய் பொறுக்கப் போகிறவர்கள் மெல்லக் குறைந்து, பிறகு இல்லாமல் போனார்கள்.

இரண்டு வருஷம் இப்படி நடந்தது. வெள்ளிங்கிரி அறுநூறு தடவைக்கு மேல் பதியின் தலைக்கு மேலே போனான். அவனுடைய காய் ஒன்றுகூட விழுந்ததில்லை என்பது பதியில் எல்லாருக்கும் தெரியும். அவனே சொல்லிக்கொண்டு திரிவான்.

செவ்வாய் பூங்காவுக்கு விடுமுறை. செவ்வாயில் ஒன்றும் விழாது. பெண்கள் தலைக்குக் குளிப்பார்கள். அப்படி ஒரு செவ்வாய்க்கு முந்தின நாள் நல்ல மழை. செவ்வாய் காலை ஆறரைக்கு வெள்ளிங்கிரி சட்டையை மாட்டினான்.

“இன்னிக்கும் எதுக்குப் போற?”

“மேனேஜரு வரச் சொன்னாரு. நாளைக்கு ஏதோ கம்பெனியில இருந்து அம்பது பேரு வாராங்களாம். கயிறு நனஞ்சு கெடக்குது, ஒருக்கா ஓடிக் காட்டோணுமாம். நாப்பது செகண்டு வேல. ஒம்போதுக்கெல்லாம் வந்துருவேன், மொளகாயக் காயப் போட்டு வையி.”

ஏழு மணிக்கு அவள் வாசலில் பாய் விரித்து மிளகாயைப் பரப்பிக்கொண்டிருந்தபோது, பாயின் நட்டநடுவில் ஒரு காய் விழுந்தது. மழை கழுவிவிட்ட வானம் கண்ணாடிபோல் இருந்தது என்று அன்று அந்த மலையில் இருந்த மற்ற ஊர்க்காரர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். மருதி வானத்தைப் பார்க்கவில்லை. காயை எடுத்தாள். உள்ளங்கை தாழ்ந்தது. இவ்வளவு கனமான காயை அவள் தொட்டதே இல்லை. சூடு பொறுக்காமல் முந்தானையில் சுற்றித் துடைத்து, இரண்டு கையிலும் மாற்றி மாற்றி ஏந்திப் பார்த்துவிட்டு, கூடையில் போட்டாள்.

செவ்வாயில் எப்படி என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் காய் பொறுக்கியவர்களுக்கு அதற்கும் பதில் தெரியும். கிளையிடுக்கில் சிக்கிக் கிடந்தவை மழைக்காற்றுக்கு அப்புறம் உதிரும். பழைய காய்கள், நின்று முற்றியவை, அதனால்தான் கனம். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பொம்மி வெளியே வரவில்லை. நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

கால் மணி கழித்து இன்னொன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. எல்லாம் அவள் வாசலிலேயே, பாயைச் சுற்றியே விழுந்தன. குறி பார்த்து எறிந்தால்கூட அப்படி விழாது. எட்டரைக்குள் ஐந்து. ஒவ்வொன்றையும் துடைத்தாள், ஏந்திப் பார்த்தாள், கூடையில் போட்டாள். நடுவே பொம்மியின் ராகிக் கொல்லையில் பூங்காவின் கையுறை ஒன்று விழுந்தது. பயணிகளின் தொப்பியும் கண்ணாடியும் விழுவது வழக்கம்தான். பொம்மி அதை எடுத்துச் சட்டி பிடிக்க ஆகும் என்று உள்ளே கொண்டுபோனாள். ராகிப் பயிரின் மேல் மங்கலாக ஒரு நிழல் முன்னும் பின்னும் ஆடியது. பருந்து என்று நினைத்து மருதி கோழிக்குஞ்சுகளைக் கூடை போட்டு மூடினாள்.

ஆறாவது ஒன்பது மணிக்கு விழுந்தது. ஏழாவது விழுந்தபோது சத்தமே கேட்கவில்லை. கால் பட்டுத்தான் பார்த்தாள். நெல்லிக்கொட்டை அளவு. கனமும் இல்லை, சூடும் இல்லை.

பத்து மணிக்கு முன்பே அவள் ஓடைத் துறையில் இருந்தாள். குப்பணன் ஐந்து காய்களை வாங்கி ஏந்திப் பார்த்து, ஒவ்வொன்றாகத் துண்டில் சுற்றினார்.

“எங்க அம்மிணி புடிச்ச இந்தச் சரக்க?”

“உழுந்துது.”

“செவ்வாக்கெழமையா?”

“உனக்கென்ன, சனிக்கெழமையிலதான் வாங்குவியா?”

ஆறாவதை அவள் கொடுக்கவில்லை. பொம்மியின் மகள் ராமிக்கு நிறைமாதம். ஒரு நல்ல காய் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். ஏழாவதைக் குப்பணன் இரண்டு விரலில் உருட்டிப் பார்த்துத் திருப்பித் தந்தார். “இது ஒண்ணுமில்ல. பேச்சு மாதிரி இருக்குது.”

அவள் அரிசி மூட்டையோடு திரும்பி வந்தபோது, பதிக்கு மேற்கே மூங்கில் புதரில் வெள்ளிங்கிரியைக் கண்டெடுத்திருந்தார்கள்.

நடந்ததில் பாதியை யாரும் மறுக்கவில்லை. கயிற்றில் ஓடும் உருளை நடுவழியில் இறுகி நின்றுவிட்டது. மீட்புக் கயிறு இருந்த அறையின் சாவி மேனேஜரின் ஊர் வீட்டில் இருந்தது. அவர் ஜீப்பில் இறங்கிப் போனார். போன இடத்தில் நான்கு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டார் என்று ஓட்டல்காரர் சொன்னார். மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பியபோது கயிற்றில் ஆள் இல்லை. வெறும் பட்டை தொங்கியது. பட்டை அறுந்திருக்கவில்லை. அதன் கொக்கி கழற்றப்பட்டிருந்தது. வெள்ளிங்கிரியின் இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை.

“குடும்பத்துல என்ன பிரச்சினையோ,” என்றார் நவநீதன். “ஒரு சத்தம்கூடப் போடலையே. விழுகுறவன் கத்துவான், குதிக்கிறவன்தான் கத்த மாட்டான். கீழ ஏதாவது விழுந்துச்சா?”

ஒன்றும் விழவில்லை என்று பதி சொன்னது. மருதிக்கு அந்த ஏழு காய்களும் அப்போது நினைவில் இல்லை. அவை பழைய காய்கள்.

கீழ்ப்பதியில் செத்தவர்களை நாவல் மரத்தடியில் புதைத்து ஆளுக்கு ஒரு கல் நடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கல்லையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சோறு வைப்பார்கள். தன்னையே மாய்த்துக்கொண்டவருக்குக் கல் கிடையாது. அவரை ஓடைக்கு அந்தப் பக்கம் புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். அதன் பிறகு அந்தப் பேரை யாரும் சொல்லக் கூடாது. வெள்ளிங்கிரியை ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். மருதி மூப்பனின் காலைப் பிடித்தாள். விசாரணைக்கு அதிகாரி வருவார், அவர் விழுந்தான் என்று எழுதினால் எடுத்து வந்து கல் நடலாம், குதித்தான் என்று எழுதினால் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் மூப்பன்.

ஒன்பதாம் நாள் நண்பகலில் ராமிக்கு வலி கண்டது. பொம்மி வாசலில் வந்து தயங்கி நின்றாள்.

“இழவு ஊட்டுல கேக்கக் கூடாதுதான். குடுக்கறேன்னு சொன்னியே...”

மருதி காயை எடுத்துக்கொண்டு தானே போனாள். அறையில் பெண்கள் இருந்தார்கள். அவளோடு சேர்த்து ஆறு பேர். பொம்மி அந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டு வெந்நீர்ச் சட்டியை இறக்கினாள். மருதி ராமியின் தலையை மடியில் வைத்து, அவள் கடைவாயில் காயை வைத்து, “கடி கண்ணு” என்றாள்.

ராமி கடித்தாள். இருபது வயதுப் பெண்ணின் வாயிலிருந்து வெள்ளிங்கிரி கத்தினான்.

“மருதீ! மேல பாரு! இங்க இருக்கேன், மேல பாரு புள்ள! தலையத் தூக்கு! மேல பாரு!”

தகரக் கூரை அதிர்ந்தது. குழந்தை பிறந்தது. அது அழுததா என்று யாரும் கவனிக்கவில்லை. பொம்மி கையிலிருந்த கையுறையை மெல்லக் கழற்றிக் கீழே வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“கேட்டீங்கல்ல?” என்றாள் மருதி. “ஆறு பேரும் கேட்டோமல்ல?”

“பொம்பளப் புள்ள,” என்றாள் பொம்மி. “தண்ணி எடு, யாராச்சும் தண்ணி எடுங்க.”

அன்றே மருதி மலையிறங்கிக் குப்பணனைத் தேடிப் போனாள். அவர் தலையைச் சொறிந்தார்.

“குடுத்தாச்சு அம்மிணி. கடிச்சாச்சு, தீந்துச்சு. அஞ்சும் சினிமாக்காரங்களே எடுத்துக்கிட்டாங்க. அந்த மாதிரி சரக்கு இன்னும் இருக்குதான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க.” கொஞ்சம் யோசித்து, “ஒரே ஒரு கொற சொன்னாங்க. எல்லாத்துலயும் நடுவுல ஒரு பேரு வந்துதாம். அத வெட்டிட்டாங்களாம்” என்றார்.

ஊர் திரும்பியபோது மூப்பன் வாசலில் காத்திருந்தார். அவர் கோபப்படவில்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“கத்துனான்னு ஆச்சுன்னா வேல செய்யற எடத்துல விபத்துன்னு ஆகும். கயித்த அவுத்துப் போடுவாங்க. அப்புறம் என்ன உழுகும் நம்ம வாசல்ல? கடுக்காய் மரம் எங்க இருக்குதுன்னு நம்ம புள்ளைங்களுக்குத் தெரியுமா? உன்ர ஊட்டுக்காரனுக்கு ஒரு கல்லு. அதுக்கு ஊரே வெல குடுக்கோணுமா, சொல்லு?”

“கல்லுதான் கேக்கறேன். வேற என்ன கேட்டேன்?”

“அதத்தான் நானும் சொல்றேன். கல்லுதான?”

விசாரணை பூங்காவின் கேன்டீனில் நடந்தது. அதிகாரி நல்லவர். மருதியை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். பிரசவ அறையில் இருந்த பெண்களை ஒவ்வொருவராகக் கேட்டார். புள்ள பெத்த எடத்துல ஆயிரம் சத்தம் வருமுங்க என்றாள் ஒருத்தி. எனக்குக் காது மந்தமுங்க என்றாள் இன்னொருத்தி; அவள்தான் பாம்பு ஊர்வதைக் கேட்டுச் சொல்பவள். பொம்மி பேத்தியை மார்போடு அணைத்துக்கொண்டு, தரையைப் பார்த்து, “என்ர மக கத்துனதுதானுங்க” என்றாள். ராமி வரவில்லை, பச்சை உடம்பு.

“இன்னும் ஒண்ணு இருக்குதுங்க,” என்றாள் மருதி. முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தச் சிறிய காயை மேசையின் மேல் வைத்தாள்.

நவநீதன் எழுந்தார். “சார், இது எந்த டூரிஸ்ட்டோட கத்தலோ. இவங்க கீழ மூட்டை மூட்டையா வச்சிருக்காங்க.”

“உட்காருங்க. உடைச்சாத் தெரிஞ்சுடப் போகுது,” என்றார் அதிகாரி. அவளைப் பார்த்து, “உதவிக்குக் கூப்பிட்டாருன்னா விழுந்தாருன்னு எழுதுறேம்மா. எனக்கும் அதுதான் தோணுது. உள்ளங்கையப் பார்த்தேன். ஆனா காகிதத்துல போட ஒரு ஆதாரம் வேணும்” என்றார்.

அவன் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அவ்வளவுதான். ஒரு தடவை கேட்டால் தீர்ந்துபோகும். ராமி கடித்த நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் அதைக் கையில் ஏந்தி, உடைக்காமல் திரும்ப முடிந்து வைத்தவள் அவள். கல்லுக்காக உடைக்கலாம் என்று முடிவு செய்து, காயைக் கடைவாயில் வைத்துக் கடித்தாள்.

அலறல் வரவில்லை. கேன்டீன் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதால்தான் எல்லாருக்கும் கேட்டது. சாப்பிடும்போது அவள் இன்னொரு அகப்பைச் சோறு போடக் கையைக் கொண்டுபோனால், தட்டை மறித்துச் சொல்வானே, அதே குரலில் வெள்ளிங்கிரி சொன்னான்.

“செரி மருதி. போதும்.”

அதிகாரி பேனாவின் மூடியைத் திறந்தார்.

“இது உங்க வீட்டுக்காரர் குரல்தானே?”

“ஆமாங்க.”

“சந்தேகம் இல்லையே?”

“இல்லைங்க.”

அவர் எழுதினார். எழுதியதை அவளுக்கு வாசித்தும் காட்டினார். இறந்தவர் போதும் என்று தம் மனைவியின் பெயரைச் சொல்லி அறிவித்த பின், தாமாகக் கொக்கியைக் கழற்றிக் குதித்தார். குரலை மனைவியே அடையாளம் காட்டினார். மருதி பெருவிரலை நீட்டினாள். கேன்டீன் வாசலில் நின்றிருந்த கீழ்ப்பதி ஒட்டுமொத்தமாக மூச்சு விட்டது. நவநீதன் எல்லாருக்கும் டீ சொன்னார்.

அடுத்த நாள் கயிறு திறந்தது. அதன் பிறகு ஓடைக்கு அந்தப் பக்கம் கிடப்பவன் பேரை யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்ததில், அவனுக்குப் பிறகு பட்டை மாட்ட ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோதுகூட, “அந்த வேலைக்கு” என்றுதான் மூப்பன் சொன்னார். பூங்கா மருதிக்கே அந்த வேலையைக் கொடுத்தது. பெருந்தன்மை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். சுடிதாரும் தலைக்கவசமும் கொடுத்தார்கள். பாடம் எழுதிய தாளையும் கொடுத்தார்கள். அவளுக்குத் தாள் தேவைப்படவில்லை.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு, கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவளை அனுப்பினார்கள். மூன்று செகண்டில் வயிறு தொண்டைக்கு வந்தது. அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. நடுவில் அந்த இடம் வந்தபோது, அவள் கையுறையால் கயிற்றை அழுத்திப் பிடித்து நின்று, கீழே பார்த்தாள்.

அவன் சொன்னது சரி. ஊர் பூராவும் தெரிந்தது. வேலிகள், கொல்லைகள், குனிந்த உச்சந்தலைகள். நேர் கீழே அவள் வாசல். அன்று எடுக்காமல் விட்ட மிளகாய்ப் பாய் அப்படியே கிடந்தது, சிவப்பாக, யாரோ குறி வைத்துக் கொடுத்த மாதிரி. பக்கத்து வாசலில் பொம்மி கீழே குனிந்து, முந்தின நாள் விழுந்து கிடந்த எதையோ எடுத்து, முந்தானையில் துடைத்து, கையில் ஏந்திப் பார்த்துவிட்டுக் கூடையில் போடுவது விரல் விரலாகத் தெரிந்தது.

அன்று மருதியும் அவனுக்கு அப்படித்தான் தெரிந்திருப்பாள். அவன் கூப்பிட்டிருக்கிறான்; அவள் குனிந்திருக்கிறாள். அவன் கூப்பிட்டதைத் துடைத்து, எடை பார்த்து, கூடையில் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரி வருகிறாளா என்று சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறாள். அவன் இன்னும் பலமாகக் கூப்பிட்டிருக்கிறான். ஆறு தடவை. பருந்து என்று குஞ்சுகளைக் கூடை போட்டு மூடியதையும் பார்த்திருக்கிறான். அப்புறம்தான் போதும் என்றிருக்கிறான்.

மேற்கே மூங்கில் புதர் வரை அவள் கயிற்றைக் கண்ணால் அளந்தாள். நாற்பது முழம் இருக்கும். இறுகிப்போன உருளையை இரண்டு கையாலும் இழுத்து இழுத்து அவன் அவ்வளவு தூரம் போயிருக்கிறான். அக்கரைக்குப் போவதற்கு அல்ல. நேர் கீழே வீடு இருந்தது. கொல்லையில் ஆட்கள் இருந்தார்கள். அதையெல்லாம் தாண்டிப் போய்க் கழற்றியிருக்கிறான்.

அவள் வாயைத் திறந்தாள். என்ன வந்தது என்று அவளுக்கே கேட்கவில்லை. கையில் எடுத்துப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கீழே பொம்மி கூடையை நிமிர்த்தி வைத்து, வாசலில் விழுந்ததை எடுத்தாள். உள்ளங்கை தாழ்ந்தது. தலையைத் தூக்காமலே அவள் உள்ளே பார்த்துக் கத்தினாள்.

“ராமி, சீக்கிரம் வா புள்ள! மொதல் தரம்!”